நாலாய் மடித்த படகு

நோரோவா: நூல் கேக்கத்தான் வந்தேன். வேற ஒண்ணுமில்ல.

அகாய்தி: நூல் கேக்க வர்றவங்க கத்தரிக்கோலும் காகிதச் சுருளுமாவா வருவாங்க, அண்ணி?

நோரோவா: ...அது பைக்குள்ள கிடந்துச்சு.

அகாய்தி: உக்காருங்க, தேத்தண்ணி ஊத்துறேன். உங்க கூடத் தைக்கிற மத்த அஞ்சு பேரும் எங்க? வேலிக்கு அந்தப் பக்கம் ஒளிஞ்சிருக்காங்களா?

நோரோவா: சர்ச் மண்டபத்துல துணிய மடிச்சு வச்சிட்டு உக்காந்திருக்காளுக. எவளும் வாயத் திறக்க மாட்டேங்குறா.

அகாய்தி: ஏன்? வெட்ட வேண்டியதுதானே. ஐதுதாகித் தீவுல எந்தக் கல்யாணத் திவைவைப் போர்வை உங்க கை படாம வந்திருக்கு?

நோரோவா: வெட்டுறது நான். வரைஞ்சது நீயாச்சே. உன் மக ஈனா கல்யாணப் போர்வை. அதான்... முதல்ல காகிதத்துல வெட்டிப் பாத்தேன்.

அகாய்தி: பாத்து?

நோரோவா: நீயே விரிச்சுப் பாரு. துணி மாதிரியே நாலா மடிச்சு வெட்டுனது.

அகாய்தி: செம்பருத்தி நல்லா வந்திருக்கு. படகும்... நல்லாத்தானே இருக்கு.

நோரோவா: எத்தனை படகு?

அகாய்தி: நாலு.

நோரோவா: மேல ரெண்டு சரி. கீழ ரெண்டு?

அகாய்தி: கவுந்து கிடக்கு.

நோரோவா: பூவுக்கு மேலென்ன, கீழென்ன. எப்படி மடிச்சாலும் பூ பூதான். படகு அப்படியா? மாப்பிள்ளை பவளத்திட்டத் தாண்டி மீன் புடிக்கப் போறவன். கால்மாட்டுல ரெண்டு படகு கவுந்து கிடந்தா ஈனா எப்படிடி தூங்குவா?

அகாய்தி: அந்த ரெண்ட மட்டும் தனியா வெட்டி, திருப்பி வச்சுத் தச்சிருவோம்.

நோரோவா: ஒரே துணி, ஒரே வெட்டு. துண்டு போட்டா ஊர்ல என்ன சொல்லுவாளுக? நோரோவாவுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிருச்சுன்னு சொல்லுவாளுக.

அகாய்தி: கட்டிலுக்கு அந்தப் பக்கமா நின்னு பாத்தா...

நோரோவா: இந்தப் பக்கம் ரெண்டு கவுந்துரும்.

அகாய்தி: அப்பா இல்லாம நடக்குற கல்யாணம், அண்ணி. பொண்ணு கூட அவரு படகாவது போகணும். அத மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க.

நோரோவா: நான் எடுக்கச் சொன்னேனா?

அகாய்தி: பின்ன எதுக்கு வந்தீங்க?

நோரோவா: ...அதச் சொல்லத்தான் வந்தேன்.

அகாய்தி: அவரு படகு ஒருநாளும் கவுந்ததில்ல.

நோரோவா: ஆமாமா. ரொம்பக் கண்டோம்.

அகாய்தி: எப்பக் கவுந்துச்சு?

நோரோவா: என் வாயக் கிளறாத.

அகாய்தி: தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு.

நோரோவா: தெரியாதா? பாதிரியார் வீட்டு விருந்துக்கு ரெண்டு பன்னிய ஏத்திக்கிட்டு வந்தானே. காயல் நடுவுல ஒரு பன்னி இந்தப் பக்கம் நகர, ஐயா எடை சரிபண்றேன்னு அந்தப் பக்கம் நகர, இன்னொரு பன்னி அவன் பின்னாடியே போக...

அகாய்தி: பன்னி ரெண்டும் பத்திரமா கரைக்கு வந்துச்சுல்ல?

நோரோவா: பன்னி வந்துச்சு. உன் புருசன் கவுந்த படகு மேல ஏறி உக்காந்து பாட்டுப் பாடிக்கிட்டிருந்தான். ஊரே கரையில நின்னு கேட்டுச்சு. என் தம்பிதான், இருந்தாலும் சொல்றேன், தமாருவாவுக்கு வெக்கமும் கிடையாது, சுருதியும் கிடையாது.

அகாய்தி: நல்லாத்தான் பாடுவாரு.

நோரோவா: அத நம்பிக் கட்டிக்கிட்டவ நீ ஒருத்திதான். பாட்டுக் குழுவுல தமாருவாவ எங்க நிறுத்துவாங்க, சொல்லு? கதவுக்கு வெளிய. அதுவும் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துட்டு. ஏய்... சிரிக்கிறியா, அழுவுறியா?

அகாய்தி: ரெண்டும்தான்.

நோரோவா: நான் ஒருத்தி. வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும்.

அகாய்தி: படகை எடுத்துருங்க, அண்ணி.

நோரோவா: என்னது?

அகாய்தி: எடுத்துருங்க. படகு பூவையெல்லாம் நெருக்கிக்கிட்டு நிக்குது. அந்த இடத்துல சீமைப்பலா இலை வந்தாத்தான் போர்வை மூச்சு விடும். இந்தாங்க, வரைஞ்சே வச்சிருக்கேன்.

நோரோவா: இது... அழகா இருக்குடி. எப்ப வரைஞ்ச?

அகாய்தி: திங்கக்கிழமை.

நோரோவா: இன்னைக்கு வெள்ளி. அப்ப, படகு கவுந்துரும்னு உனக்கு...

அகாய்தி: அதுக்கு முந்தின நாளே மடிச்சுப் பாத்துட்டேன். ஒரு ராத்திரி பூரா மனசு கேக்கல. காலையில எழுந்து இலைய வரைஞ்சுட்டேன்.

நோரோவா: அடிப்பாவி. அப்புறம் எதுக்கு எங்க ஆறு பேரையும் நாலு நாளா முழி பிதுங்க வச்ச? இப்பவும் என்கிட்ட மல்லுக்கு நின்ன?

அகாய்தி: அவரு போயி எட்டு மாசமாச்சு. என் மனசு நோகும்னு நீங்க ஆறு பேரும் அவரு பேர ஒருதடவை சொல்லல. கூடப் பொறந்த நீங்களும் சொல்லல. படகை வச்சுச் சண்டை வந்தா, கோவத்துலயாவது யாராச்சும் தமாருவான்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க ரெண்டு தடவை சொல்லிட்டீங்க, அண்ணி. போதும். போயி துணிய வெட்டுங்க.