வீட்டுக்கு ஒரு பழைய இழை

திருப்பூரில் வேலை போய்விட்டது. அடுத்த வேலை தேடி மேட்டுப்பாளையம் பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் உயிரியல் புத்தகம். தனித்தேர்வு எழுதப் போகிறாள்.

"டிஎன்ஏவோட ரெண்டு இழையும் பிரியுதுங்கக்கா. ஒவ்வொரு பழைய இழைக்கும் எதிரே ஒரு புது இழை உருவாகுது. கடைசில பழசு ரெண்டும் ஒரு பக்கம், புதுசு ரெண்டும் ஒரு பக்கம்..."

"போன தடவ இப்படி எழுதித்தான அம்மணி கோட்டை உட்டே? எங்கூட்ட நெனச்சுக்கோ. பாகம் பிரிச்சப்ப மாமனாரு எங்கூட்டுக்காரரு அண்ணனூட்டுக்கு, மாமியா எங்கூட்டுக்கு. ஊட்டுக்கு ஒரு பழசு, ஒரு புதுசு."

"அந்தப் புதுசு நீங்களாங்கக்கா?"

"பின்னே?"

பெரியநாயக்கன்பாளையத்தில் இளையவள் இறங்கினாள். மூத்தவர் ஜன்னல் வழியே, "பழசு ரெண்டும் எங்கே?" என்று கேட்டார்.

"ஊட்டுக்கு ஒண்ணுங்கக்கா," என்று கத்திவிட்டு ஓடினாள்.

எல்லாவற்றையும் கேட்டபடி நின்ற கண்டக்டர் சொன்னார்: "ஏனுங்க, வயசான காலத்துல ரெண்டு பேரையும் இப்படிப் பிரிக்கலாமுங்களா?"



"மொதல்ல அவ பாஸாகட்டுமுங்க," என்றார் அந்த அம்மாள். "மாமனாரையும் எங்கூட்டுக்கே கூட்டியாந்தர்றேன்."