மேலேயிருந்து வரும் பதில்

"செத்துப் பொழைச்சவங்க பாத்தேன்னு சொல்றதெல்லாம் மூளைதான் அண்ணே. ரத்தம் போறது நின்னா அது கன்னாபின்னான்னு படம் காட்டும். அவ்வளவுதான்."

"ஏம்மா சிஸ்டர், என்னைக் கொஞ்சம் பேச விடு..."

"நெஞ்சை அமுக்கி எழுப்பி விடுறவ நான். என்கிட்டயே..."

"எழுப்பத்தான் உனக்குத் தெரியும். அவங்க எங்க போயிட்டு வந்தாங்கன்னு தெரியுமா? எங்க சித்தப்பா..."

"உங்க சித்தப்பா டிக்கெட் வாங்கிட்டா போனாரு?"

படிக்கட்டு முழுவதும் சிரிப்பு. கரண்ட் போய் வெகு நேரமாகியிருந்தது. வீடுகளுக்குள் புழுக்கம். லிஃப்டும் நின்றுவிட்டதால் மேல்மாடிக்காரர்களும் கீழ்மாடிக்காரர்களும் படிகளிலேயே நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டோம். சுவரில் சாய்த்துவைத்த ஒரு செல்போன் வெளிச்சம் மட்டும். மல்லுக்கு நின்றவர்களில் ஒருத்தி என் மருமகள், ஐசியூ நர்ஸ். மற்றவர் கீழ்வீட்டுத் தையல்காரர். என் மகன் மட்டும் மேலே எங்கள் வீட்டில் இருந்தான். நெஞ்சைக் கரிக்கிறது என்று சாப்பிடாமலேயே படுத்துவிட்டான். "வெறும் கேஸ்தான் அத்தை," என்று ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டு மருமகள் கீழே வந்திருந்தாள்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்றேன். "என் சிநேகிதியோட தம்பிக்கு ஒண்ணு நடந்துச்சு. கேட்டுட்டு அப்புறம் அடிச்சுக்கோங்க."

அந்தத் தம்பி லிஃப்ட் மெக்கானிக். சம்பவம் நடந்தது பொழுது சாயும் நேரம். ஊரைத் தாண்டிப் போகிற சாலையில் தனியாக ஒரு அலுவலகக் கட்டடம். ஆட்கள் எல்லாரும் போய்விட்டார்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு லிஃப்ட். தம்பி கீழே, ஒரு லிஃப்ட் கூண்டின் தலைமேல், இருட்டில் நிற்கிறான். மொட்டைமாடி மோட்டார் அறையில் அவன் கூட்டாளி. மீசை என்றுதான் அவனை எல்லாரும் கூப்பிடுவார்கள்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம். ஒயரில் கை வைக்குமுன் கீழே இருப்பவன் கேட்க வேண்டும்: "ஆஃப்பா?" மேலே இருப்பவன் சொல்ல வேண்டும்: "ஆஃப்." பதில் வராமல் கை நீளாது.

அன்றைக்கும் கேட்டான். பதில் வந்தது. ஆனால் மீசை அணைத்தது... பக்கத்து லிஃப்டை.

படீர் என்று ஒரு சத்தம். பிறகு ரீங்காரம். முடி கருகும் வாடை மேலே மோட்டார் அறை வரை போயிருக்கிறது. பதறிப்போன மீசை ஸ்விட்சை மறந்தான். படியிறங்கி ஓடிவந்தான். வெறுங்கையால் தம்பியைப் பிடித்து இழுத்தான்.

வாட்ச்மேன் வரவழைத்த ஆம்புலன்சில் தம்பியின் இதயம் நின்றது. ஆஸ்பத்திரி வாசலில் மறுபடி ஓடியது.

அவன் கண் விழித்தபோது கட்டிலைச் சுற்றி மூன்று பேர். அக்காவான என் சிநேகிதி, அவன் மனைவி, மனைவியின் அண்ணன். அந்த அண்ணன் அதே ஆஸ்பத்திரியில் டாக்டர்.

"எங்கயோ போயிட்டு வந்தேன்," என்றான். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "நீளமா வராந்தா. ஓரமா பெஞ்சு. அப்பா உக்காந்திருந்தாரு. அம்மா. பெரியப்பா..."

"எல்லாம் போய்ச் சேந்தவங்கடா," என்றாள் அக்கா.

"கடைசி பெஞ்சுல இவ."

மனைவி கையில் தண்ணீர் டம்ளர். அப்படியே நின்றுவிட்டாள்.

டாக்டர் சிரித்தார். "இது ஒண்ணு போதும் மாப்பிள்ளை! அது மேலோகம்னா, உயிரோட நிக்கிறவ அங்க எப்படிப் போவா? உங்க மூளைதான். தெரிஞ்ச முகத்தை எல்லாம் வாரி எறிஞ்சிருக்கு."

"நிஜமாவா அண்ணே?" என்றாள் அவள்.

"பின்ன? நீ போனியா அங்க?"

அவளுக்கு மூச்சு வந்தது. சிரிக்கக்கூடச் சிரித்தாள்.

"மீசையும் இருந்தான்," என்றான் தம்பி. "அவனுக்கு அங்க என்ன வேலை?"

மீசை இறந்துபோனதை அவனிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை.

வெளியே வந்ததும் மனைவி தன் அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இப்பச் சொல்லு அண்ணே."

"மீசை வந்து இழுத்தது அரைகுறையா நெனப்புல இருந்திருக்கும். இதுவும் மூளைதான்டி, பைத்தியம்."

"சரி. மூளைதான்."

அன்று முதல் அவளைப் போல அடித்துச் சொன்னவர் யாருமில்லை. பார்க்க வருபவர்களிடம், அவர்கள் கேட்குமுன்பே, மூளைதான் என்பாள். ஆனாலும் ஒருநாள் புருஷனிடம் கேட்டுவிட்டாள்.

"அங்க நான் எப்படி இருந்தேன்? கிழவியாவா?"

"இல்ல. இப்ப மாதிரிதான். முன்னால மட்டும் நரை. தோள்ல ஒரு துண்டு. சும்மா உக்காந்திருந்த."

"ஏதாவது பேசினேனா?"

"நான் கூப்பிட்டேன். நீ திரும்பல."

மறுநாளே தலைக்குச் சாயம் வாங்கிவந்தாள். வேரில் வெள்ளை எட்டிப்பார்த்தால் போதும், கலக்க உட்கார்ந்துவிடுவாள். வீடே அந்த நெடி. "நரையே இல்லைன்னா அது நான் இல்லதானே அண்ணி?" என்று என் சிநேகிதியிடம் சொல்லிச் சிரிப்பாள்.

தம்பி பிறகு வேலைக்குப் போகவில்லை. போட்டால் சாப்பிடுவான். யார் செத்தாலும், யார் பிறந்தாலும் "ம்" என்பான். அந்த வழக்கம் ஒன்றுதான் அவனிடம் மிச்சம். விளக்கை அணைக்குமுன், கதவைச் சாத்துமுன், இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பான்: "இருக்கியா?" அவள் சொல்ல வேண்டும்: "இருக்கேன்." ஆசை, அன்பு என்று அதில் ஒன்றும் தெரியாது. ஸ்விட்சைப் பற்றிக் கேட்கிற குரல். பதில் வந்தால்தான் அடுத்த காரியம்.

ஒருநாள் ராத்திரி என் சிநேகிதி அங்கே தங்கினாள். கூடத்தில் பாய் விரித்தாள். அடுக்களையில் விளக்கு எரிந்தது. கிண்ணத்தில் பிரஷ் சுற்றும் சத்தம்... அந்த நெடி.

"நீங்க படுங்க அண்ணி. இதை முடிச்சிட்டு வரேன்."

பிரஷ் சத்தம் நின்றது. குழாய் மட்டும் சொட்டு... சொட்டு என்று.

அறைக்குள்ளிருந்து தம்பி: "இருக்கியா?"

அடுக்களையிலிருந்து: "இருக்கேன்."

அறை விளக்கு அணைந்தது. சிநேகிதி கண்ணயர்ந்தாள். எப்போதோ விழிப்பு வந்தபோது மறுபடியும். "இருக்கியா?" "இருக்கேன்." விடிகிற நேரத்திலும் கேட்டது. அதே குரல். அதே நீளம்.

காலையில் எழுந்து அடுக்களைக்குப் போனாள்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். கிண்ணத்தில் சாயம் பாளம் பாளமாகக் காய்ந்துகிடந்தது. தலையில் ஒரு பொட்டுகூடப் படவில்லை. முன்நெற்றியில் நரை அப்படியே இருந்தது. சாயம் புடவையில் படாமலிருக்கப் போட்டுக்கொண்ட துண்டு... தோளில்.

அண்ணன் ஓடிவந்தார். விரலை மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. "நேத்து நீங்க படுத்த கொஞ்ச நேரத்துலயே போயிருக்கா அக்கா."

"இல்ல டாக்டர். ராத்திரி பூரா பதில் சொன்னாளே!"

"தூக்கக் கலக்கம். தினம் கேட்டுப் பழகினதை மூளையே சொல்லிக்கும்."

"எங்க ரெண்டு பேர் மூளையுமா?"

அவர் தங்கையின் கையை மடியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டார். தம்பி அழவில்லை. அடுக்களை நிலைப்படியில் நின்று அவள் நரையைப் பார்த்தான். துண்டைப் பார்த்தான்.

"ம். இப்படித்தான் இருந்தா," என்றான்.

நான் நிறுத்தினேன். தையல்காரர் "பாத்தியா" என்று சொல்வார் என நினைத்தேன். அவர் தம் மனைவி பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"இதுல பேயும் இல்ல, பிசாசும் இல்ல அத்தை," என்றாள் மருமகள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஹார்ட் அட்டாக். சில பேருக்கு வலியே தெரியாது. சும்மா நெஞ்சைக் கரிக்கிற மாதிரி..."

பேச்சைப் பாதியில் நிறுத்தினாள்.

கைப்பிடியைப் பற்றி எழுந்தாள். மேலே போகிற படிகள் கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது. அண்ணாந்து, இருட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க... இருக்கீங்களா?"