ரன்னர் போடாத ஜிப்

ஹலோ... ஹலோ... லல்லா பத்தூல் வீடுங்களா?... நான்தான், அல்லால்... பை தைக்கிற அல்லால், ஸஃப்பாரீன் சதுக்கத்துல... ஆமா, ஆமா, உங்க பை எங்கிட்டதானே இருக்கு, வேற எந்த அல்லால் கூப்பிடப் போறான்?

என்னது?... சத்தமா? அது பக்கத்துக் கடை புவஸ்ஸா. செம்பு அண்டா தட்டறான்... இருங்க. டேய் புவஸ்ஸா! ரெண்டு நிமிஷம் கையை மடியில வெச்சுக்கிட்டு சும்மா இருடா! ஃபோன் பேசறேன்ல!... ம், சொல்லுங்க லல்லா.

நல்லா இருக்கேன், அல்ஹம்துலில்லா. நீங்க?... முட்டி வலி?... உங்க தம்பி?... தம்பி வீட்டுல எல்லாரும்?... பூனை?... பூனையும் சௌக்கியம். அல்ஹம்துலில்லா.

ஆங், பை. பை விஷயமாத்தான் கூப்பிட்டேன்... நாலு மணி ரயிலு, தெரியும். காலையில நீங்க சொன்னதுல இருந்து அதே ஞாபகம்தான்... இல்ல, ஒண்ணும் சொல்லல. இருமினேன்.

தைச்சாச்சு லல்லா. பழைய ஜிப்பைப் பிரிச்சேன். ஓரத்துல பசை தடவி புதுசை ஒட்டினேன். குண்டூசி குத்தல, தோல்ல குத்தக்கூடாது. தடிச்ச ஊசி மாத்தி, மெழுகு நூல் போட்டு, நிதானமா மிதிச்சேன். தையல் ரெண்டு பக்கமும் தண்டவாளம் மாதிரி போகுது... பித்தளைப் பல்லுதான், நீங்க கேட்டதேதான்...

வந்து வாங்கிக்கலாமா?... ம்... வாங்கிக்கலாம்... அதுல என்னன்னா...

திறக்காது.

பைதான். பை திறக்காது... இல்ல, புதுசுங்கறதால இறுக்கம் இல்ல... சோப்பு தேச்சாலும் ஆகாது... மெழுகுவர்த்தியும் வேண்டாம்... லல்லா, கொஞ்சம் என்னைச் சொல்ல விடுங்களேன்.

நடுவுல கரண்ட் போயிடுச்சு... உங்க வீட்டுல போகலையா?... ஆமா, என் மிஷின் காலால மிதிக்கிற மிஷின்தான். கரண்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. சரி, கரண்ட்டை விடுங்க.

இந்தப் புவஸ்ஸா தட்டற தட்டுல மனுஷனுக்குப் புத்தி எங்க நிக்குது?... டேய், உன்னை இல்லடா, நீ வேலையைப் பாரு!... ஆமா லல்லா, முப்பது வருஷமா இங்கதான் தட்டறான்... ஆமா, நானும் முப்பத்திரெண்டு வருஷமா இங்கதான் தைக்கிறேன்... சரி, அவனையும் விடுங்க.

ரன்னர் போடல.

ரன்னர் லல்லா... ஜிப்பைத் திறக்கக் கையில பிடிச்சு இழுப்போமே, அந்தக் குட்டி. ரோல்ல இருந்து ஜிப்பை வெட்டினதும் முதல்ல ரன்னரை மாட்டணும், அப்புறம்தான் தைக்கணும். கடைக்கு வந்த முதல் நாளே கத்துக்கற பாடம். நான் மாட்டாமலே தைச்சு, ரெண்டு முனையையும் தோலுக்கு அடியில சொருகி மூடிட்டேன். பல்லும் பல்லும் கடிச்சுக்கிட்டு நிக்குது. ரன்னர் இதோ மேசை மேல உக்காந்து என்னையே பாக்குது. உங்க பை இப்போதைக்குத் தலையணை.

சிரிக்காதீங்க லல்லா... சிரிக்கலையா?... சரி, இருமினீங்க.

இல்ல, இதுக்கு முன்னாடி பண்ணினதில்ல... ஒரு தடவை கூட இல்ல... இன்னைக்கு எப்படின்னா... நீங்க பையை மேசை மேல வெச்சீங்களா? நான் ஜிப்பை அளந்தேனா? அப்போ நீங்க, "சீக்கிரம் வேணும், சாயந்திரம் டாஞ்சியர் போறேன், இனிமே பையன் யூனுஸோடவே இருந்துடப் போறேன், வீட்டுச் சாவியைத் தம்பிகிட்ட குடுக்கப் போறேன்"னு சொன்னீங்க. ரொட்டி வாங்கப் போறேன்னு சொல்ற மாதிரி சொன்னீங்க. நான் என்ன சொன்னேன்? "கடல் காத்து முட்டிக்கு நல்லது"ன்னேன்... ஆமா, அவ்வளவுதான் சொன்னேன். அப்புறம் நீங்க போயிட்டீங்க. நான் தைக்க உக்காந்தேன்.

அதான் இப்படி ஆச்சு.

சரி பண்ணலாம், பண்ணலாம். ஒரு முனையில ஜிப் துணியைத் துளியூண்டு வெட்டி, அது வழியா ரன்னரை நுழைச்சு, வெட்டு தெரியாம மேல ஒரு தோல் துண்டு வெச்சுத் தைச்சா முடிஞ்சுது. நீங்க ரயிலைப் பிடிச்சுடலாம்... வெட்டின இடமா? வெளிய தெரியாது. நான் சொன்னாத்தான் தெரியும்... அஞ்சு நிமிஷம். மிஞ்சிப் போனா ஏழு.

இன்னொரு வழியும் இருக்கு. முழுசாப் பிரிச்சுத் திரும்பத் தைக்கணும். துணின்னா கவலையில்ல, பிரிச்சா ஓட்டை தானா மூடிக்கும். தோல் அப்படி இல்ல லல்லா, ஊசி ஒரு தடவை இறங்கின இடம் இறங்கினதுதான். மறுபடி மிதிச்சு ஓட்டினா பழைய ஓட்டைக்குப் பக்கத்துலயே புது ஓட்டை விழுந்து, தபால்தலை கிழியற மாதிரி கிழிஞ்சு வரும். அதனால மிதிக்கக் கூடாது. சக்கரத்தைக் கையால சுத்தி, ஊசியைப் பழைய ஓட்டையிலயே ஒண்ணொண்ணா இறக்கணும். இருநூத்திப் பதினாறு ஓட்டை... எண்ணிட்டேன். மத்தியானம் வேற வேலை ஓடல.

சனிக்கிழமை ஆயிடும். நாளைக்கு வெள்ளி, கடை கிடையாது... ஆமா, அப்போ ரயில் போயிடும்.

ம்?... என்ன கேட்டீங்க?... கேட்டுச்சு, கேட்டுச்சு. அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டுப் பேசாம இருந்திருக்கலாமே, எதுக்கு ஃபோன் பண்ணினேன்னு கேக்கறீங்க.

...

இருங்க லல்லா. டேய், ஏன்டா ஒருத்தனும் தட்டல? சதுக்கம் முழுக்கச் செம்புக் கடை, ஒரு சுத்தியல் சத்தம் கூடக் காணோம்! தட்டுங்கடா!... தட்ட மாட்டேங்கறானுங்க. காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கானுங்க.

சொல்றேன்... சொல்றேன்னுதானே சொல்றேன்.

லல்லா, உங்க வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் இந்தப் பை ஒரு தடவையும் எங்கிட்ட வந்ததில்ல. அல்லா அவருக்கு நல்ல இடம் குடுக்கட்டும். இந்த வருஷம் மட்டும் மூணு தடவை வந்துடுச்சு. ரமலானுக்கு முன்னாடி வாரு அறுந்துச்சு. கத்தரியால வெட்டின மாதிரி நேரா அறுந்திருந்துச்சு. நான் ஏதாவது கேட்டேனா?... அப்புறம் ஒரு நாள் பெருங்காத்துல கொக்கி உடைஞ்சுதுன்னீங்க. காத்துல கொக்கி உடையுமா? கேட்டேனா?... இப்போ ஜிப். ஆறு பல்லைக் காணோம், பித்தளையில குறடு பிடிச்ச தடம். நான் வாயே திறக்கலையே!

ஹலோ?... இருக்கீங்களா?... இருக்கீங்க. சரி.

நான் கேக்காததுதான் தப்பு. ஒவ்வொரு தடவையும் நீங்க ஸ்டூல்ல உக்காந்து ஒரு கிளாஸ் புதினா டீ குடிச்சுட்டுப் போவீங்க. அந்த கிளாஸை நான் சாயந்திரம் வரைக்கும் கழுவ மாட்டேன். கேட்டா ஸ்டூலும் காலியாயிடுமோன்னு பயந்து கேக்கல. இப்போ ஃபெஸ் ஊரை விட்டே போறேங்கறீங்க. போனா எனக்குத் தாங்காது லல்லா. அவ்வளவுதான். ரெண்டு வழியும் சொல்லிட்டேன். பை உங்களுது, நீங்களே சொல்லுங்க. அஞ்சு நிமிஷ வழியா, மத்ததா?

...

...

மத்ததா?

நல்லாக் கேளுங்க, மத்ததுன்னா சனிக்கிழமை... ஆமா, ரயிலு... திரும்பச் சொல்லுங்க... இல்ல, கேட்டுச்சு, இருந்தாலும் திரும்பச் சொல்லுங்க.

சரி. சரி லல்லா. சரி... யூனுஸ்கிட்ட என்ன சொல்லுவீங்க?... பை ரெடியாகலன்னு. ஆமா. அது உண்மைதானே.

நாளைக்கா?... நாளைக்கு நான் எங்க சாப்பிடுவேன்னு கேக்கறீங்களா... என் வீட்டுக்காரி ரஹ்மா காலமானதுல இருந்து நாலு வருஷமா வெள்ளிக்கிழமைன்னா புவஸ்ஸா வீட்டுல இருந்து ஒரு கிண்ணம் கூஸ்கூஸ் வரும். அவன் சம்சாரம் நல்ல மனசு. உப்புதான் கொஞ்சம்... ம்?... உங்க வீட்டுலயா?... ஏழு காயும் போட்டா?... வரேன். வரேன் லல்லா... பூசணி பிடிக்கும். எல்லாம் பிடிக்கும்.

என்ன?... ஆமாமா, நான் தனியா வந்தா நல்லா இருக்காது, தெரு பேசும்... கூட ஒரு குடும்பம் வரணும், சரிதான்... யாரை?... புவஸ்ஸாவையா?... புவஸ்ஸாவையும் சம்சாரத்தையும். ம்... வருவான், வருவான். என்னைக் கேட்டா எனக்குத் தம்பி மாதிரி அவன். அவன் மனசு தங்கம்...

பையை எடுத்துட்டு வரணுமா?... அவசரம் இல்லையா... சரி... சரி... இன்ஷா அல்லா... ஹலோ?... ஹலோ?

வெச்சுட்டாங்க.

...

புவஸ்ஸா... அண்ணே... அந்தச் சுத்தியலைக் கொஞ்சம் கீழ வெச்சுட்டு இப்படி வாங்களேன். டீ ஊத்தறேன்.