மிளகு மாசத்து ஆஜர்

எங்கள் ஊர் நடுநிலைப்பள்ளியின் மதியச் சாப்பாட்டை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. சாம்பாரில் பருப்பு தட்டுப்படும், முட்டையும் நன்றாகவே இருக்கும். பிள்ளைகளைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். பெற்றவர்களைக் கேட்டால் வேறு மாதிரி வரும். அவர்கள் அங்கே சாப்பிட்டதில்லை, ஆகவே அபிப்பிராயம் நிறைய இருக்கும்.

நீங்கள் கேட்டது அதை இல்லை, தெரியும் ஐயா. ஆனால் சரக்கைக் காட்டாமல் விலைக்குப் போகிற பழக்கம் எனக்கில்லை.

நான் வளர்ந்தது ராசிபுரத்து மண்டிக்காரர்கள் நடுவில். எங்கள் வீட்டில் பிள்ளைக்கு முதலில் கற்றுக்கொடுப்பது வாயை மூடிக்கொள்வதைத்தான். விற்க வந்தவனின் மிளகை ஒரு பிடி அள்ளுவோம், ஊதிப் பார்ப்போம், ஒன்றும் சொல்லாமல் சாக்கிலேயே திரும்பப் போடுவோம். குறை சொன்னால் சண்டைக்கு வருவான். சொல்லாவிட்டால், "கொஞ்சம் ஈரம் இருக்குதுங்க" என்று அவனே ஆரம்பிப்பான். மலையேறி வந்து செம்மேட்டுச் சந்தையில் நான் பிழைத்தது அந்த மௌனத்தால்தான்.

இந்த மலையின் திருப்புலி நாட்டுப் பகுதியில் ஒரு மிளகுத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடையைத் தாண்டினால் என் தோப்பு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி உச்சிவரை போயிருக்கும். மேலே போகப் போக மரம் ஒல்லி, காய்ப்புதான் கொழுப்பு. பெரிய ஆள் ஏறினால் முறியும். ஏழாவது எட்டாவது படிக்கிற பிள்ளை ஏறினால் அணில் ஏறின மாதிரி. அதனால் மிளகு பழுத்ததும் பள்ளிக்கூடம் பாதி காலி. இது நான் வருவதற்கு முன்பே இருந்த வழக்கம். நான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன், அவ்வளவுதான்.

சுமித்ரா டீச்சர் வந்த பிறகுதான் இழுபறி. தோப்பு தோப்பாகப் போய்ப் பிள்ளைகளை மரத்திலிருந்து இறக்கிக் கூட்டிப்போவார். பள்ளிக் கமிட்டியில் நானும் ஓர் ஆள், பெஞ்சு வாங்கிக் கொடுத்த மரியாதைக்கு. ஒருநாள் அவரிடம் பேசினேன்.

"டீச்சரம்மா, மொளகு முடியற வரைக்கும் எல்லாப் புள்ளைக்கும் போன்ல ஆஜர் போட்டுடுங்க. முடிஞ்சதும் ஒண்ணு கொறையாம நானே கொண்டாந்து உடறேன்."

"பொய்யாப் போடச் சொல்றீங்களா?"

"வரலைன்னு போட்டா இஸ்கூல்ல புள்ளை இல்லைன்னு மூடிருவாங்க. அப்பறம் உங்க உண்மைய வெச்சுட்டு யாருக்குங்க பாடம் நடத்துவீங்க?"

"நிஜமாவே மூடிருவாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு சம்மதித்தார். படித்தவர்களிடம் பேரம் சுலபம். அவர்களுக்குப் பயம் எது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

சின்னராசுவின் மகள் ஜீவா, எட்டாவது, மிளகு மாசத்திலும் வகுப்புக்குப் போகிற பெண். அன்று காலை சீருடை, இரட்டைச் சடை, ரிப்பன் எல்லாமாக ஓடைப் பாதையில் வந்தாள்.

"ஜீவா கண்ணு, ஒரே ஒரு மரம். ஆஜர் அதுபாட்டுக்கு உழுந்துரும்."

"பரீட்சை இருக்குதுங்க மாமா."

"கேள்வித்தாள் குடுக்கறதுக்குள்ள எறங்கிரலாம் சாமி."

சிரித்தாள். பையைக் கீழே வைத்தாள். எங்கள் ஏணி ஒற்றை மூங்கில், கணுக்கிளைகளைப் படியாக விட்டு வெட்டியது. அதில் ஒரு கணு வெடித்திருந்தது எனக்குத் தெரியும். கம்பியால் சுற்றி வைத்திருந்தேன். கனத்த ஆளைத் தாங்காது என்றுதான் அவளை ஏறச் சொன்னேன். யோசிக்காமல் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள்.

விழுந்தபோது பெரிய சத்தம் இல்லை. பலாப்பழம் விழுந்தால் இன்னும் கேட்கும். கண் திறந்திருந்தது. காலை அசைக்க முடியவில்லை. "மாமா, டீச்சர்கிட்டச் சொல்லிராதீங்க, பரீட்சைய உட்டுட்டேன்னு திட்டுவாங்க" என்றாள்.

"சொல்லல கண்ணு" என்றேன்.

ஜீப் பக்கத்திலேயே நின்றது. செம்மேட்டு ஆஸ்பத்திரி தூரமில்லை. ஆனால் டாக்டர்கள் ஒரு கேள்வியோடு நிற்க மாட்டார்கள். எங்கே விழுந்தாள், என்ன வயசு, யார் ஏற்றியது என்று போய்க்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம் தண்ணீர்த்தொட்டி ஒன்று உயரத்தில் இருக்கிறது, அதற்கு இரும்பு ஏணி. பிள்ளைகள் ஏறாமலிருக்க அதற்கொரு கதவு வேண்டுமென்று டீச்சர் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பார். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று நான் சொல்வேன்.

மிளகு காயவைக்கிற படுதாவில் சுற்றித் தூக்கிப்போனேன். தொட்டிக்கடியில், வெயில் படாத பக்கமாகத்தான் படுக்க வைத்தேன். பையையும் பக்கத்தில் வைத்தேன். ஒரு சடையில் ரிப்பன் இல்லை. பிள்ளைகள் ரிப்பன் தொலைப்பது சகஜம் என்று விட்டுவிட்டேன். யாராவது உடனே பார்ப்பார்கள் என்றுதான் நினைத்தேன். பரீட்சை என்பதால் சாப்பாட்டு மணி அடிக்கிறவரை ஒருவரும் வெளியே வரவில்லை. மணி அடித்தபோது அவளுக்கு மூச்சில்லை.

கல்வி அதிகாரி ஒருவர் வந்து பெற்றோர் கருத்து, மாணவர் கருத்து இரண்டையும் கேட்டார். பெற்றவர்களில் பாப்பாயி என்பவள்தான் ஆரம்பித்தாள்.

"புள்ள தொட்டிமேல ஏறற வரைக்கும் டீச்சரு என்னத்தப் பண்ணிட்டிருந்தாங்களாமா?"

டீச்சர் எழுந்தார். "ஜீவா அன்னைக்கு வரவே இல்லைங்க. நாந்தான் பொய்யா ஆஜர் போட்டேன்."

"யூனிபாரம் போட்டு அனுப்புனவன் நானுங்க" என்றார் சின்னராசு. "என்ற புள்ள இஸ்கூலுக்கு வரலையா?"

அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேரின் பிள்ளைகளுக்கும் அன்று மரத்தில் இருந்தபடியே ஆஜர் விழுந்திருந்தது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஊதிப் பார்த்த மிளகைச் சாக்கில் போட்டுவிட்டேன். தப்பிலிருந்து தப்பிக்கப் பொய் சொல்கிறாள் என்று அவர்களே விலையை இறக்கினார்கள்.

பிள்ளைகள் முறை வந்தது. ஜீவாவின் பெஞ்சுக்காரி கோகிலா எழுந்தாள். "பரீட்சையப்ப அவ எடம் காலியாத்தானுங்க இருந்துச்சு. ஊட்ல கெடத்தியிருந்தப்ப அவ கையத் தொட்டேன். பச்ச மொளகு வாசம் அடிச்சுதுங்க."

அப்போது மட்டும் நான் வாயைத் திறந்தேன்.

"இந்த மலையில எந்தக் கை மணக்காது சாமி?"

இரண்டு பேர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். அதிகாரி அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

டீச்சரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பயந்துபோன பெற்றோர் பிள்ளைகளை அனுப்பவில்லை. பள்ளிக்குப் பூட்டு விழுந்தது. பிள்ளைகளெல்லாம் தோப்புக்கு வந்தார்கள், கோகிலாவும் வந்தாள். அந்த மரத்து உச்சிக்கொடியில் ரிப்பன் சிக்கியிருப்பதைப் பார்த்து, எடுத்து மடியில் செருகிக்கொண்டு, அன்றைய மிளகு முழுவதையும் பறித்து இறக்கிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்திருக்கிறாள். எங்கள் மண்டியில் பிறந்திருக்க வேண்டிய பெண்.

எழுதிக்கொள்ளுங்கள். வெடித்த ஏணியில் ஏற்றியது நான். மூச்சோடு கொண்டுபோய்க் கிடத்தியது நான். டீச்சரைப் பற்றி மட்டும் நான் எதுவும் சொன்னதில்லை, அந்த அபிப்பிராயம் ஊராருடையது.

சுமித்ரா டீச்சரை இங்கே வரச்சொல்லியிருக்கிறீர்களாம். அவர் வந்ததும் நீங்களே சொல்லிவிடுங்கள் ஐயா. என் வாயால் முடியாது. அந்தப் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.