காத்திருந்த கணினியும் கைவிட்ட நூலும்

கூட்டத்தைக் கட்டிக்காக்கும் தலைவர் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் மூத்தோரே! பிள்ளைகளின் கணக்கோடு மல்லுக்கட்டியே களைத்துப்போன தாய்மார்களே! என்னோடு நடுவர்களாக அமர்ந்து நன்றாகச் சண்டை போட்ட நண்பர்கள் இருவரே! வணக்கம்.

கணித மென்பொருளைக் கற்க வருவோர்க்கு முதல் நூல் எது? அதற்கே இந்தப் பரிசு. தடித்த நூலுக்கு ஒரு நடுவர் வாக்களித்தார், மெல்லிய நூலுக்கு இன்னொருவர். மூன்றாவது வாக்கு என்னுடையது. காலையிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

யாரது, "தீர்ப்பச் சொல்லுங்க சார்" என்பது? வருகிறேன் ஐயா, பொறுங்கள்!

தடித்த நூலில் எழில் உண்டு, எடுப்பு உண்டு, எண்ணற்ற படங்கள் உண்டு. நேற்று அதை வைத்துக்கொண்டு என் தங்கை கணினிமுன் உட்கார்ந்தாள். குடிநீர் அலுவலகத்தில் குழாய்க் கணக்குப் பார்ப்பவள். இந்த மென்பொருள் வராவிட்டால் அந்த வேலை கைவிட்டுப் போய்விடும். முதல் கணக்கைத் தட்டினாள். விடையும் வரவில்லை, பிழை என்றும் வரவில்லை.

"என்னம்மா ஆச்சு?"

"பெரிய கணக்குண்ணா. யோசிக்குது."

துணி மடித்தாள், பாத்திரம் கழுவினாள், வந்து வந்து பார்த்தாள். அது யோசித்துக்கொண்டே இருந்தது! சிரிக்காதீர்கள். எட்டிப் பார்த்தேன். திறந்த அடைப்புக்குறியை அவள் மூடவில்லை. மீதியை இவள் தட்டுவாள் என்று அது காத்திருக்கிறது. விடையை அது தரும் என்று இவள் காத்திருக்கிறாள்! சொன்னேன். முகம் வாடிவிட்டது.

"இது புத்தகத்துல இல்லையேண்ணா. எழுதவே வேணாம்னு விட்டிருக்காங்கன்னா, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே? நான்தான் மக்கு. வேற பிரிவுக்கு மாத்தச் சொல்லிடறேன்."

யார் மக்கு? தடுக்கியவளா? தடுக்கும் இடத்தைத் தாண்டி எழுதியவரா? அந்த நூலைத் தடவிப் பாராட்டிய நாமா?

மெல்லிய நூலுக்கு அட்டை சுமார், அச்சும் சுமார். ஆனால் மூன்றாம் பக்கத்திலேயே சொல்கிறது: "அடைப்புக்குறியை வேண்டுமென்றே மூடாமல் விடுங்கள். ஒன்றும் வராது. பயப்படாதீர்கள், எல்லோருக்கும் நடப்பதுதான்." தடித்த நூலுக்கு வாக்களித்த நண்பர் கேட்டார், "இதையெல்லாம் போய் எழுதணுமா சார்?" எழுதணும் சார்! இதைத்தான் முதலில் எழுதணும்! என் வாக்கு மெல்லிய நூலுக்கே!

கடைசி வரிசையில் நிற்கும் தங்கையே, கேட்டதா? மாறுதலைக் கேட்டுவிடவில்லையே?

"காலையிலயே கேட்டுட்டேண்ணா!"

ஐயோ! போய் வேண்டாம் என்று சொல்கிறாயா? அவையோரே, தலையாட்டுகிறாள்! அலுவலகம் பூட்ட இன்னும் சற்று நேரம் இருக்கிறது. கேட்ட செவிகளுக்கு நன்றி, அனைவருக்கும் வணக்கம். படிக்கட்டுப் பக்கம் நிற்பவர்களே, அவளுக்குக் கொஞ்சம் வழிவிடுங்கள்!