கேசட்டின் மறுபக்கம்

மதியம் ரெண்டு மணி. பேய்க்கு நைட் டூட்டி மட்டும்தான் என்று நினைக்காதே, செல்வலட்சுமி. முத்தையாபுரத்திலிருந்து உப்பளம் வழியாக வரும் ரோட்டில் அந்த நேரத்தில் காக்கா கூடக் கிடையாது. நம் ஹாஸ்டல் ரூம் ஜெப்ஸியின் சித்தப்பா நேசக்குமார் அதில்தான் பைக்கில் வேலைக்கு வந்தார். பெரிய நூலகத்தில் பாட்டு, சினிமாப் பிரிவு அவர் பொறுப்பு. பழைய கேசட்டை ஓடவிட்டு கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. அன்றைக்கு நூலகம் லீவு, மிச்ச வேலையை முடிக்க அவர் மட்டும் வந்தார்.

பதிவறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே ஒரு சிவப்பு பல்பு. அது எரிந்தால் உள்ளே பதிவு நடக்கிறது. கலெக்டரே வந்தாலும் கதவைத் திறக்கக் கூடாது.

யாரோ கொடுத்த கேசட்... பேர்கூட எழுதவில்லை. போட்டார். யாரையோ புதைக்கும்முன் நடக்கிற அடக்க ஆராதனை. நாசரேத் பக்கம் செத்தவரின் ஜீவிய சரித்திரத்தைக் கோயிலில் வாசிப்பார்கள் இல்லையா... ஒரு இருமல். பிறகு வாசிக்கிற குரல்.

"அன்னார் நூலகத்தில் பணியாற்றினார். பிள்ளை இல்லாததால் அண்ணன் மகள் ஜெப்ஸியைத் தன் மகளாகவே பாவித்தார்..."

ரேச்சல், என் மேல் சாயாதே. தள்ளி உட்கார்.

ஸ்டாப்பை அமுக்கினார். நிற்கவில்லை. ஏசி நின்றது, கம்ப்யூட்டர் அணைந்தது. கரண்ட் போய்விட்டது... கேசட் மட்டும் ஓடுகிறது. அலமாரியில் கிடந்த பிலிம் ரோல்களின் புளித்த நெடி மூக்கில் ஏறியது. கதவைத் தள்ளினார். அசையவில்லை. கை வீங்கும்வரை தட்டினார். வெளியே வாட்ச்மேன் பேச்சிமுத்துவின் செருப்புச் சத்தம் வந்து நின்றது. திறக்கவில்லை. பாவம், மனுஷன் அழுதே விட்டார்.

"அன்னார் கர்த்தருக்குள் நித்திரையடைந்த நாள்..."

டக். முதல் பக்கம் முடிந்தது. கதவு திறந்தது.

"ஏன் அண்ணாச்சி தொறக்கல?"

"பல்பு எரிஞ்சிச்சுல்லா சார். தட்டுத சத்தமும் கேசட்டுல உள்ளதுன்னுல்லா நெனச்சேன்."

கரண்ட் இல்லாமல் எப்படி எரிந்தது என்று என்னைக் கேட்காதே.

மறுபக்கத்தை அவர் கேட்கவில்லை, கேசட்டை வீட்டில் ஒளித்து வைத்தார். வீட்டில் ஒரு கதவையும் சாத்த விடமாட்டார். போன வாரம் ஜெப்ஸிதான் அவருக்குத் தெரியாமல் கேசட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்டுவிட்டாள். "அந்த நாள் என்னைக்கு, ஏளா?" என்றேன். காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இன்று சாயந்திரம் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். நாளைக்கு லீவு போட்டிருக்கிறாள். பையில் வெள்ளைச் சேலை எடுத்து வைத்ததை நான் பார்த்தேன்.