பூஜ்யத்திலிருந்து நூறு வரை

ஹலோ... கலையரசிம்மாவா? சொல்லுங்க மா, காசிநாதன்தான். உங்க போனுக்குத்தான் காத்துக்கினு இருந்தேன்... இல்ல இல்ல, தொந்தரவெல்லாம் இல்ல. கடையில சாப்பாட்டு நேரம். மாடியில ஸ்டாக் ரூம்ல தனியாத்தான் இருக்கேன்.

ஆமா, ஆமா, உங்க மெட்ராஸ் ஆஸ்பத்திரியில அந்தப் புது மருந்து சோதனைக்கு மாத்திரை முழுங்கி ஏழு நாள் ஆயிடிச்சு... தலைவலி இல்ல. வாந்தி இல்ல. தூக்கம்... அது எப்பவும் போலத்தான்... பயமா? பூஜ்யத்துலேருந்து நூறுக்குள்ள? பூஜ்யம்னே போட்டுக்குங்க. தினம் அதானே சொல்றேன்.

ஏம்மா, நீங்க குடுத்தது நெஜ மருந்தா, வெறும் மாவு மாத்திரையா?... உங்களுக்கே தெரியாதா? டாக்டருக்குமா?... சரி, சரி, எல்லாம் முடிஞ்சப்புறம்தான் யாருக்கு எதுன்னு பிரிச்சுப் பாப்பீங்களா.

இல்ல, எதுக்குக் கேட்டேன்னா... மாத்திரையை முழுங்க வெச்சி, திடீர்னு கேமரா முன்னாடி நிறுத்தி, நாலு நிமிஷம் பேசுன்னீங்க. எதிர்ல ரெண்டு பேரு சிரிக்காம உக்காந்துக்கினு. நல்லா இருக்கிற ஆளுக்குப் பயத்தை வரவழைச்சு, மருந்து அதை அடக்குதான்னு பாக்கத்தானே? எனக்கு வரவேயில்ல மா. நாள் பூரா நூறு பேருக்குப் புடவை பிரிச்சுப் போடறேன். பார்டரைப் பாப்பாங்க, முந்தானையைப் பாப்பாங்க. அந்த ரெண்டு பேருதான் என் மூஞ்சியைப் பாத்தாங்க. ஓரிக்கையில இருக்கிற என் வீட்டுக்குப் போனா கதவைத் திறக்கறதும் நான், சாத்தறதும் நான். அலமு போனப்புறம்... ஆமா, என் சம்சாரம். ரெண்டு வருஷம் ஆச்சு... பரவாயில்ல, விடுங்க.

என்னது? இதான் கடைசி போனா?... நாளைக்குக் கூப்பிட மாட்டீங்களா?

இருங்க மா. தலை... தலை சுத்துது. காலையிலேருந்து. ஆமா, படிக்கட்டு ஏறும்போதுகூட... இல்ல, நான் மெட்ராசுக்கெல்லாம் வர வேணாம். நீங்க தினம் போன் பண்ணி விசாரிச்சா போதும்... டாக்டர்கிட்ட எதுக்கு மா?... மத்தவங்களுக்கும் மாத்திரையை நிறுத்திடுவாங்களா? என்னாலயா?

எழுதாதீங்க மா. எழுதிட்டிருந்தா அடிச்சிடுங்க. தலை சுத்தல. பொய் சொல்லிட்டேன்... எதுக்குன்னா... சும்மாதான். அலமு மேல சத்தியமா, உடம்புக்கு ஒண்ணும் இல்ல.

சரி... சரி மா. முடிஞ்சுதுன்னு போட்டுக்குங்க. உங்களுக்கும் நன்றி. ஒண்ணே ஒண்ணு. அந்தப் பயக் கேள்வியை மட்டும் இன்னொருவாட்டி கேளுங்களேன். பூஜ்யத்துலேருந்து...

ஹலோ... ஹலோ...

எண்பது மா.